மூணு மலை, ஒரே ஸ்கூட்டர்: வழியில பெல்ட் அறுந்தா என்ன பண்றது?

கணியம்பாடி குமரன்

எல்லாருக்கும் வணக்கம். என்கிட்ட 125 சிசி ஸ்கூட்டர் ஒண்ணு இருக்கு. 2022-ல வாங்கினது. மீட்டர்ல 21,640 கி.மீ. காட்டுது. முக்காவாசி கணியம்பாடியிலிருந்து தோட்டப்பாளையத்துல இருக்கற பிரஸ்ஸுக்கு வேலைக்குப் போய் வந்த ஓட்டம்தான்.

ஆயுத பூஜை லீவுல நானும் வீட்டுக்காரம்மாவும் நாலு நாள் கிளம்பறோம். முதல் நாள் ஏலகிரி. ரெண்டாவது நாள் திருப்பத்தூர், ஊத்தங்கரை, அரூர், மஞ்சவாடி கணவாய் வழியா சேலம் போய் ஏற்காடு. மூணாவது நாள் நாமக்கல், சேந்தமங்கலம், காரவள்ளியில ஏறி கொல்லிமலை. நாலாவது நாள் வீடு. ஏலகிரிக்கு 14 கொண்டை ஊசி, ஏற்காட்டுக்கு 20, கொல்லிமலைக்கு 70. கூட்டினா நூத்தி நாலு. எங்க ரெண்டு பேர் எடையும் பையும் சேர்த்து 150 கிலோ வரும்.

பயம் எங்கிருந்து வந்துச்சுன்னா, போன வாரம் கண்ணமங்கலம் ரோட்டுல ஒருத்தர் வேர்க்க விறுவிறுக்க ஸ்கூட்டரைத் தள்ளிக்கிட்டு வந்தாரு. பஞ்சரான்னு கேட்டேன். "இல்லபா, பெல்ட் அறுந்துபோச்சு"ன்னாரு. ஸ்கூட்டர்ல பெல்ட்டுன்னு ஒண்ணு இருக்கறதே அன்னைக்குத்தான் மண்டையில ஏறுச்சு.

சர்வீஸ் விட்ட இடத்துல கேட்டேன். அங்க இருந்த பையன் வண்டிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காம "பெல்ட்லாம் ஓகே சார்"னுட்டான். மச்சான் என்ன சொல்றாருன்னா, "நைலான் கயிறு நாலு முழம் எடுத்துட்டுப் போங்க மாமா, அறுந்தா சுத்தி முடிச்சு போட்டு ஓட்டிடலாம்"ங்கறாரு. அவரை நம்பலாமா? புது பெல்ட் வாங்கி வைச்சுக்கணுமா? வழியில அறுந்தா நானே மாட்ட முடியுமா? எனக்கு ஸ்பார்க் பிளக் கழட்டத் தெரியும், அதுக்கு மேல ஒண்ணும் தெரியாது.

சைதாப்பேட்டை இல்ல சாய்நாதபுரம்

ஜோலார்பேட்டையில ஏறி சேலத்துல இறங்கிடுங்க. கொல்லிமலைக்கு ரயில் இல்லைங்கறதை அப்புறம் பார்த்துக்கலாம்.

பைதூக்கி

தம்பி, நான் மெடிக்கல் ரெப். பதினோரு வருஷமா ஆரணி, செய்யாறு, போளூர், குடியாத்தம், ஆலங்காயம்னு பையைத் தூக்கிக்கிட்டு சுத்தறவன். ரெண்டு ஸ்கூட்டர், ரெண்டும் சேர்த்து ஒரு லட்சத்து நாப்பதாயிரத்துச் சொச்சம் கி.மீ. பெட்ரோல் கணக்குக்காக டைரி எழுதுவேன். அதுல கடைசிப் பக்கம் பெல்ட் கணக்கு. இதுவரைக்கும் ஆறு பெல்ட் மாத்தியிருக்கேன், அதுல நடுரோட்டுல அறுந்தது ஒண்ணே ஒண்ணு. அந்த ஒண்ணைச் சொல்றேன்.

2019 ஜூன். ஆலங்காயத்துல டாக்டரைப் பார்த்துட்டு, காவலூர் வழியா ஜமுனாமரத்தூர் போறேன். மீட்டர்ல 27,300. வண்டி வாங்கும்போது வந்த அதே பெல்ட். மூணு சர்வீஸா "அடுத்த தடவை மாத்திக்கலாம்"னு நானே சொல்லி நானே தள்ளிப்போட்டது. வண்டி எனக்குச் சொல்லாம இல்ல. காலையில எடுக்கும்போது கீச்சுன்னு ஒரு சத்தம், சிக்னல்ல இருந்து கிளம்பும்போது உடம்பு உதறுற மாதிரி ஒரு நடுக்கம், முன்ன 80 போன வண்டி 68-லயே நின்னு முனகும். நான் பெட்ரோலைத் திட்டிக்கிட்டு இருந்தேன்.

காவலூர் தாண்டி ஒரு ஏத்தம். படார்னு சத்தம். எஞ்சின் ஊளையிடுது, வண்டி நகரல. கியர் வண்டியில நியூட்ரல் விழுந்தா எப்படி இருக்குமோ அப்படி. அந்த ஊர்ல பெரிய தொலைநோக்கி வைச்ச வானாய்வகம் இருக்கு தெரியுமா? நல்ல இருட்டு கிடைக்கும்னுதான் அறுபதுகள்ல அந்த இடத்தைத் தேடிப் பிடிச்சாங்க. அந்த இருட்டு எப்படி இருக்கும்னு அன்னைக்கு ஏழு மணிக்குப் பார்த்தேன்.

சாமை மூட்டை ஏத்திக்கிட்டு வந்த ஒரு டாட்டா ஏஸ்காரர் வண்டியையும் என்னையும் மூட்டை மேல ஏத்தி ஆலங்காயம் இறக்கிவிட்டாரு. மெக்கானிக் ஷட்டரை இறக்கிக்கிட்டு இருந்தாரு. பாவம், திரும்ப ஏத்தினாரு. கவரைக் கழட்டிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "பெல்ட் வைச்சிருக்கீங்களா சார்?" சுவத்துல ஏழெட்டு பெல்ட் தொங்குது, எதுவும் என் வண்டிக்கு இல்ல. மறுநாள் காலையில வாணியம்பாடியிலிருந்து பஸ்ல வரணும். நான் ராத்திரி பஸ் பிடிச்சு வேலூர் வந்து, மறுநாள் திரும்பப் போய் வண்டியை எடுத்தேன். ஒன்றரை நாள் போச்சு. மாட்டற வேலை முப்பத்தஞ்சு நிமிஷம். பெல்ட் விலை 480 ரூபா.

அதனால நீங்க கேட்ட கேள்வியையே கொஞ்சம் திருப்பிப் போடறேன். "நானே மாட்ட முடியுமா"ங்கறதை விடுங்க. அரூர்ல, சேந்தமங்கலத்துல, ஏலகிரி அடிவாரத்துப் பொன்னேரியில எல்லாம் மாட்டத் தெரிஞ்ச ஆள் இருக்கான். உங்க வண்டிக்குச் சரியான பெல்ட் அவன்கிட்ட இருக்குமாங்கறதுதான் சந்தேகம். மாட்டத் தெரியாட்டியும் பெல்ட் உங்க பையில இருக்கணும்.

அதுக்குப் புதுசு வாங்கிப் பையில வைக்காதீங்க. புதுசை இப்பவே வண்டியில மாட்டிடுங்க. 21,640 ஓடியாச்சு. பெரும்பாலான ஸ்கூட்டர் கையேட்டுல இருபதாயிரத்துக்கும் இருபத்துநாலாயிரத்துக்கும் நடுவுல மாத்தச் சொல்லியிருப்பாங்க. அந்தக் கணக்கும் தட்டு ரோட்டுல தனி ஆள் ஓட்டறதுக்கு. நீங்க 150 கிலோவோட நூத்தி நாலு கொண்டை ஊசி ஏறப்போறீங்க. கழட்டின பழைய பெல்ட்டுல விரிசல் இல்லேன்னா அதைப் பையில போட்டுக்குங்க. அதுதான் ஸ்டெப்னி.

மச்சான்கிட்ட நான் விசாரிச்சதா சொல்லுங்க. அவர் சொல்றது அந்தக் காலத்து கார்ல ஃபேன் பெல்ட் அறுந்தா பண்ற வித்தை. அங்க பெல்ட் காத்தாடியையும் தண்ணி பம்பையும் சுத்தினா போதும். இங்க எஞ்சின் இழுப்பைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோறதே அந்தப் பெல்ட்தான். முன்னாடி புல்லி விரிஞ்சு சுருங்கி, பின்னாடி புல்லி சுருங்கி விரிஞ்சு, அந்த அகலத்துக்கு ஏத்த மாதிரி பெல்ட் மேலயும் கீழயும் ஏறி இறங்கும். நைலான் கயிறு கட்டினா எஞ்சின் ரெண்டு சுத்து சுத்தும், கயிறு உருகி கிளட்ச்சைக் கட்டிப்பிடிச்சுக்கும்.

வசந்தபுரம் மெக்கானிக்

ரெப் அண்ணே சொன்னதுல முக்காவாசி கரெக்ட்டு. ஒண்ணு மட்டும் திருத்தறேன், கோச்சுக்காதீங்க.

பழசைக் கண்ணால பார்த்து "விரிசல் இல்ல, நல்லாகீது"ன்னு எடுத்து வைக்கக் கூடாது. பெல்ட் சாகறது அகலத்துல. ரெண்டு பக்கமும் தேஞ்சு ஒல்லியாயிடும், மேல பார்த்தா புதுசு மாதிரியே இருக்கும். ஒல்லியான பெல்ட் முன் புல்லியில உச்சி வரைக்கும் ஏறாது, பாதியிலயே நின்னுடும். அதாலதான் அண்ணே உங்க வண்டி 68-ல முனகுச்சு. வெர்னியர்னு மில்லிமீட்டர்ல நுணுக்கமா அளக்கற கருவி இருக்கு, அதை வைச்சு புதுசையும் பழசையும் அளந்து பாருங்க. கையேட்டுல எல்லை போட்டிருப்பான். நான் பார்த்த வண்டிங்கள்ல புதுசுக்கும் எல்லைக்கும் நடுவுல ஒரு மில்லி, ஒன்றரை மில்லிதான் இருக்கும். பழசு அந்த எல்லைக்குள்ள இருந்தா ஸ்டெப்னி. தாண்டிடுச்சா, வீட்ல கொடி கட்டிக்கோங்க.

வெர்னியர் இல்லாதவங்களுக்கு ஒரு வேலை. முன் புல்லி முகத்துல மார்க்கர்ல நடுவுல இருந்து விளிம்பு வரைக்கும் ஒரு கோடு இழுங்க. கவரைப் போட்டு, சேண்பாக்கம் வரைக்கும் ஒரு ஓட்டு ஓட்டிட்டு வந்து திறங்க. கோடு எவ்ளோ தூரம் அழிஞ்சிருக்கோ அவ்ளோ தூரம்தான் பெல்ட் ஏறுது. விளிம்பு கிட்ட அழியாம நின்னா பெல்ட் தேஞ்சுபோச்சு, இல்ல முன் புல்லிக்குள்ள இருந்து தட்டைத் தள்ளற ரோலர் ஒரு பக்கம் சப்பையாயிடுச்சு.

குமரன் தம்பி, பெல்ட் மாத்தும்போது இன்னும் ரெண்டு பாக்கணும். ஒண்ணு ரோலர். உருண்டையா இருக்க வேண்டியது ஒரு பக்கம் தட்டையாகி இருந்தா செட்டா மாத்திடுங்க. ரெண்டாவது ஆயில் சீல், அதான் எண்ணெய் ஒழுவாம தடுக்கற வளையம். கவருக்குள்ள கறுப்புப் பொடி இருந்தா பயப்படாதீங்க, அது பெல்ட் தேயற பொடி. அந்தப் பொடி ஈரமா, பிசுக்குன்னு இருந்தா கிராங்க் சீலோ கியர் ஆயில் சீலோ ஒழுவுது. ஆயில் பட்ட பெல்ட் வழுக்கும், வழுக்கினா சூடாகும், சூடானா அறுந்துடும். சீலை மாத்தாம புது பெல்ட் போட்டா பெல்ட் காசு பாலாத்துல போட்டது மாதிரி.

அப்புறம் உங்க மச்சான் நைலான் கயிறு. சிரிக்காதீங்க, அதுக்கு நெஜமாவே ஒரு வேலை இருக்கு. முன் புல்லி நட்டைக் கழட்டும்போது புல்லி கூடவே சுத்தும். கடையில ஏர் கன் இருக்கு, புல்லி பிடிக்கற ஹோல்டர் இருக்கு. காட்டுல ரெண்டும் இல்லேன்னா பிளக்கைக் கழட்டிட்டு அந்த ஓட்டை வழியா கயித்தை சிலிண்டருக்குள்ள திணிச்சு பிஸ்டனைத் தடுத்துக்கலாம். பழைய ஆளுங்க வித்தை. ஆனா கம்ப்ரெஷன்ல, அதாவது பிஸ்டன் காத்தை அமுக்கிக்கிட்டு மேல ஏறற கட்டத்துல வைச்சுத்தான் பண்ணணும், ரெண்டு வால்வும் மூடி இருக்கணும். தப்பான இடத்துல பண்ணி பிஸ்டன் கயித்தை வால்வு மேல தள்ளுச்சுன்னா வால்வு வளைஞ்சுடும். அதனால உங்களுக்குச் சொல்லல, மச்சான் மானத்தைக் காப்பாத்தத்தான் சொல்றேன்.

சத்துவாச்சாரி 750

நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். நம்மளும் பெல்ட் கட்சிதான், ஆனா வேற மாதிரி பெல்ட். ஹார்லி ஸ்ட்ரீட் 750, செகண்ட்ஹேண்ட்ல எடுத்தது. 2014-ல வந்த மாடல், 2020-ல கம்பெனி இங்க கடையைச் சுருட்டினதோட அதுவும் போச்சு. இதுல செயினுக்குப் பதிலா பின் சக்கரத்துக்குப் பல்லு வைச்ச பெல்ட்.

உங்க பெல்ட் சூட்டாலயும் வழுக்கலாலயும் சாகும். எங்க பெல்ட் அப்படிச் சாகாது. உள்ள இருக்கற நார் அவ்வளவு உறுதி. அதுக்கு எமன் கல்லு. பெல்ட் திறந்த வெளியில ஓடுதா, ஜல்லி ரோட்டுல ஒரு சின்னக் கல்லு பெல்ட்டுக்கும் அது ஓடற பல்சக்கரத்துக்கும் நடுவுல சிக்கினா குத்தி ஓட்டை போட்டுடும். ஓட்டை ஓரத்துல இருந்தா விளிம்பு வரைக்கும் கிழிஞ்சு வரும். அதனால நீண்ட பயணத்துக்கு முன்னாடி பின் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, கையால மெதுவா சுத்தி, ஒவ்வொரு பல்லா டார்ச் அடிச்சுப் பார்ப்பேன். பல்லு அடியில விரிசல், காணாமப் போன பல்லு, நடுவுல குத்துன தடம். வீட்டம்மா "ஜாதகம் பார்க்கறியா"ன்னு கேப்பாங்க. அடுத்து டென்ஷன். பெல்ட் நடுவுல சுமார் நாலரை கிலோ விசை கொடுத்து எவ்வளவு அமுங்குதுன்னு அதுக்குன்னு ஒரு கேஜ்ல அளக்கணும். ரொம்ப இறுக்கினா பேரிங் போகும், தளர்ந்தா பல்லு தாவும்.

ரோட்டுல மாத்தறதுங்கற பேச்சே இல்ல. பெல்ட் முடிவில்லாத வளையம், பின் சக்கரத்தைக் கழட்டணும், ஒரு பக்கம் பின் சக்கரத்தைத் தாங்கற ஸ்விங் ஆர்மையே அசைக்க வேண்டியிருக்கும். துண்டா இருந்து ஊசி போட்டு இணைக்கற அவசர பெல்ட்டுன்னு வெளிநாட்டுல விப்பாங்க, மெதுவா உருட்டிக்கிட்டு பட்டறை போய்ச் சேர மட்டும். நான் வாங்கல. குமரன் சார் ஐநூறு ரூபாயில ஸ்டெப்னி வைச்சுக்கறதைப் பார்த்தா பொறாமையா இருக்கு.

ஒண்ணு மட்டும் ரெண்டு பெல்ட்டுக்கும் பொது: மடிக்கக் கூடாது. பாக்கெட்ல வந்த வளைவோட அப்படியே வைங்க. இறுக்கமா சுருட்டி ரப்பர் பேண்ட் போட்டா உள்ள நார் முறிஞ்சுடும், வெளிய ஒண்ணும் தெரியாது.

மின்சாரக் கண்ணன்

எங்க ஏதர் மின்சார ஸ்கூட்டர்லயும் பின் சக்கரத்துக்கு பெல்ட்தான். எங்க கவலை பெல்ட் இல்ல, கொல்லிமலை மேல சார்ஜ்.

கணியம்பாடி குமரன்

எல்லாருக்கும் நன்றி. நேத்து வசந்தபுரத்துலயே ஒரு கடையில விட்டேன். (அண்ணே, அது உங்க கடையான்னு கேக்க வாய் வரல.) கவரைத் திறந்தா பொடி ஒரு பக்கம் காய்ஞ்சு இருக்கு, பின் புல்லி கிட்ட ஈரம். விரலால தொட்டுப் பார்த்தேன், பிசுபிசுன்னு இருந்துச்சு. "கியர் ஆயில் சீல் லேசா ஒழுவுது"ன்னாரு. "ஓகே சார்"னு சொன்ன பையன் ஞாபகம் வந்துச்சு. சீல், பெல்ட், ஆறு ரோலர், கியர் ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 1,950 ஆச்சு.

பழைய பெல்ட்டை வெர்னியர்ல பிடிச்சோம். எல்லைக்கு மேல 0.3 மி.மீ. மிச்சம். ஆனா ஒரு அரை அடிக்கு எண்ணெய் ஊறி மினுமினுப்பா இருக்கு. இதை ஸ்டெப்னியா வைக்கலாமா?

இன்னொண்ணு, ஒருவேளை அறுந்துட்டா அந்த நிமிஷத்துல நான் என்ன பண்ணணும், என்ன பண்ணக் கூடாது? அதை யாரும் சொல்லல.

வசந்தபுரம் மெக்கானிக்

எண்ணெய் ஊறின பெல்ட் வேணாம் தம்பி. துடைச்சா மேல் எண்ணெய்தான் போகும், ரப்பர் குடிச்சது குடிச்சதுதான். இன்னொரு புதுசு வாங்கிடுங்க. வாங்கும்போது பழைய பெல்ட் மேல அச்சடிச்சிருக்கற நம்பரைப் பார்த்து அதே நம்பர் வாங்குங்க. "125 ஸ்கூட்டருக்கு ஒண்ணு குடுங்க"ன்னு கேக்காதீங்க. ஒரே பேர் வண்டியிலயே பழைய புகை விதிப்படி வந்த பிஎஸ்4-க்கு ஒரு பெல்ட், அடுத்த விதிப்படி வந்த பிஎஸ்6-க்கு வேற பெல்ட்னு இருக்கும். கையில பிடிச்சா ரெண்டும் ஒண்ணு மாதிரி இருக்கும், மாட்டும்போதுதான் நீளம் வேறன்னு தெரியும்.

கடை என்னுது இல்ல. எதிர்ல இருக்கற டீக்கடைக்கு வருவேன்.

பைதூக்கி

அறுந்த நிமிஷம். சொல்றேன்.

சத்தம் கேட்டதும் எல்லாரும் பண்ற தப்பு, "என்னாச்சு, போக மாட்டேங்குதே"ன்னு இன்னும் திருகிப் பார்க்கறது. நானும் பண்ணினேன். உள்ள அறுந்த பெல்ட் சாட்டை மாதிரி அடிச்சுக்கிட்டு இருக்கும், திருகத் திருக கவர் உள்பக்கம், கிக்கர் பல்சக்கரம் எல்லாத்தையும் உடைக்கும். உடனே ஆக்ஸிலேட்டரை விட்டுட்டு இடது ஓரம் ஒதுங்கி சாவியை அணைச்சுடுங்க. வண்டி பெரும்பாலும் சும்மா உருளும், தள்ளலாம். சில சமயம் பெல்ட் துண்டு பின்னாடி கிளட்ச் கிட்ட சொருகி சக்கரம் சுத்தாது. அப்ப முரட்டுத்தனமா தள்ளாதீங்க, கவரைத் திறந்து துண்டை எடுத்துட்டுத்தான் நகர்த்தணும். உடனே திறந்து கையை விடாதீங்க, உள்ள புல்லி இட்லிச் சட்டி மாதிரி கொதிக்கும்.

மலையில நின்னா கயிறு கட்டி இழுக்கறதோ, பின்னாடி வர்ற பைக்காரர் கால் வைச்சுத் தள்ளறதோ வேணாம். தட்டு ரோட்டுல பசங்க பண்றாங்க, கொண்டை ஊசியில அது ரெண்டு வண்டிக்கும் எமன். காய்கறி வண்டி, பால் வண்டி எது வந்தாலும் கை காட்டுங்க. எங்க பக்கம் மலைக்காரங்க நிறுத்தாம போக மாட்டாங்க. தேசிய நெடுஞ்சாலையில நின்னா 1033-க்கு அடிங்க, அது நெடுஞ்சாலைக்கான உதவி எண். கிளை ரோட்டுக்கும் மலை ரோட்டுக்கும் அது கிடையாது.

சின்னக் கடையில மாட்டினா ரெண்டு விஷயம் பக்கத்துல நின்னு பாருங்க. பழைய பெல்ட்டோட நூல் சிம்பு ஒண்ணு விடாம எடுக்கணும், தண்டுல சுத்திக்கிட்டு சீலுக்குள்ள போயிடும். அப்புறம் பெல்ட் மேல அம்புக்குறி இருந்தா வண்டி போற திசைக்கு மாட்டணும். மூணாவது ஒண்ணு இருக்கு, அது மெக்கானிக் தம்பி சொன்னாத்தான் சரியா இருக்கும்.

வசந்தபுரம் மெக்கானிக்

இதுவா அண்ணே? அதான் பெரிய விஷயமே.

புது பெல்ட்டைப் போடும்போது முதல்ல பின் புல்லி ரெண்டு தட்டையும் கையால விரிச்சு, பெல்ட்டை அதுக்குள்ள ஆழமா அமுக்கணும். அப்பத்தான் முன்னாடி தொளதொளன்னு இருக்கும். அதைப் பண்ணாம முன்னாடி நட்டை இறுக்கினா பெல்ட் ரெண்டு தட்டுக்கு நடுவுல கடிபட்டு நிக்கும். நட்டு இறுகின மாதிரி தோணும், ஆனா இறுகினது பெல்ட் மேல. வெளித்தட்டு தண்டுல இருக்கற பல்லுல முழுசா உக்காராது. நாலு கிலோமீட்டர் போனதும் பெல்ட் அமுங்கும், நட்டு லூஸாகும், தட்டு ஆடி ஆடி கிராங்க் பல்லையே சீவிடும். ஐநூறு ரூபா பெல்ட்டுக்கு எஞ்சின் இறக்கணும். எங்கிட்ட இப்படி வந்த வண்டி ரெண்டு. நட்டு இறுக்கினதும் வண்டியை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி முன் புல்லியைக் கையால சுத்திப் பாருங்க. தட்டு கோணாம நேரா சுத்தணும், பெல்ட் கொஞ்சம் தளர்வா இருக்கணும்.

புல்லி முகத்துல கிரீஸ் கையோட தொடாதீங்க. பெட்ரோல் துணியில துடைச்சுட்டுப் போடுங்க.

சைதாப்பேட்டை இல்ல சாய்நாதபுரம்

ரயில்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். நானும் என் வண்டி கவரைத் திறந்து பார்த்தேன். 31,000 கி.மீ. பெல்ட்டுல நம்பர்கூட அழிஞ்சுபோச்சு.

பைதூக்கி

சாய்நாதபுரம் சார், நாளைக்குக் காலையில முதல் வேலையா மாத்துங்க. இன்னைக்கு பஸ்ல போங்க.

கணியம்பாடி குமரன்

போயிட்டு வந்துட்டோம். நாலு நாள்ல 640 கி.மீ.

பெல்ட் ஒண்ணும் ஆகல. ரெண்டாவது பெல்ட் பையில அப்படியே வட்டமா இருந்துச்சு. வீட்டுக்காரம்மா அதுக்குள்ள துண்டைச் சுத்தி வைச்சிருந்தாங்க, இடம் மிச்சமாம். எஞ்சின் சூடு படும்னு சீட்டுக்கு அடியில வைக்கல. அங்க பலாப்பழச் சுளை டப்பா போச்சு.

ஏத்தத்துல நீங்க யாரும் சொல்லாத ஒண்ணை நானே கத்துக்கிட்டேன். கொல்லிமலையில எதிர்ல பஸ் வந்தா வளைவுல நிக்கணும். நான் பிரேக் பிடிக்காம ஆக்ஸிலேட்டரை லேசா திருகி வண்டியை ஏத்தத்துலயே தாங்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். முப்பதாவது வளைவு கிட்ட ஒரு கருகல் வாடை. வண்டியை ஓரம் கட்டி இருபது நிமிஷம் உக்காந்தோம். குரங்கு வந்து கடலைப் பாக்கெட்டை எடுத்துக்கிட்டுப் போச்சு. அதுக்கப்புறம் நின்ன இடத்துல எல்லாம் பிரேக்கைப் பிடிச்சு ஆக்ஸிலேட்டரை விட்டுட்டேன், வாடை வரல.

ஆனா இறக்கத்துலயும் அதே மாதிரி வாடை வந்துச்சு. அறுபதாவது வளைவுல ஆரம்பிச்சு காரவள்ளி வரைக்கும். இறக்கத்துல பெல்ட்டுக்கு என்ன வேலை? அதுதான் புரியல. பெல்ட்டைத் திறந்து பார்க்கணுமா?

வசந்தபுரம் மெக்கானிக்

ஏறும்போது வந்தது பெல்ட்டும் கிளட்ச் ஷூவும். ஆக்ஸிலேட்டர்ல வண்டியைத் தாங்கினா கிளட்ச் பாதி பிடிச்சு பாதி வழுக்கும், அந்த வாடை. நல்லவேளை நிறுத்தினீங்க.

இறங்கும்போது வந்தது பிரேக் தம்பி. ஸ்கூட்டர்ல ஆக்ஸிலேட்டரை முழுசா மூடி வேகம் கொறைஞ்சா கிளட்ச் விட்டுடும், எஞ்சின் பிடிப்பு போயிடும், வண்டி சைக்கிள் மாதிரி சும்மா உருளும். மொத்த பாரமும் பிரேக் மேல. இறக்கத்துல ஒரு நூல் ஆக்ஸிலேட்டர் வைச்சுக்கிட்டு கிளட்ச் பிடிச்சபடி இறங்கினா எஞ்சினே கொஞ்சம் இழுத்துப் பிடிக்கும்.

பெல்ட்டை விடுங்க. பின் சக்கரத்தைக் கழட்டி பிரேக் ஷூவைப் பாருங்க. பளபளன்னு கண்ணாடி மாதிரி மின்னுதா?

கணியம்பாடி குமரன்

மின்னுது அண்ணே. எந்த டீக்கடைன்னு சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை வண்டியோட வரேன்.